அண்ணாச்சி டீ சொல்லப் போன நேரம்

இருபத்தைந்து வருடமாக என்னிடம் ஒரு கேள்வி கிடக்கிறது. யாரிடமும் அதைக் கேட்டதில்லை, எங்கள் சபை ஐயரிடமும் கேட்டதில்லை. கேட்கப்போனால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. நோட்டில் எழுதிய தொகையும் பெட்டிக்குள் வைத்த தொகையும் ஒன்றாகவே இருந்தன. கையெழுத்துப் போட்டோம், பூட்டினோம், ஆறிப்போன டீயைக் குடித்தோம், அவரவர் வீட்டுக்குப் போனோம். மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டுப் படுத்ததும் தூங்கிவிட்டேன். சாயங்காலம் எழுந்து கொல்லையில் முகம் கழுவும்போது, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டேன். எடுக்கவில்லை, சரி. ஆனால் எடுக்காமல் இருந்தது நான்தானா?

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. மூத்தவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். 1,850 ரூபாய் பாக்கி என்று கடிதம் வந்து, அது என் சட்டைப் பையிலேயே நாலாக மடிந்து கிடந்தது. எங்கள் கோயிலில் காணிக்கை எண்ண எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். அன்றைக்கு என்னோடு இருந்தவர் சபையில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. ஆராதனை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு வெஸ்ட்ரி அறையில் மேசைமேல் காணிக்கைப் பைகளைக் கவிழ்த்தோம். காசுகள் கொட்டும்போது எழுகிற அந்தத் துருவும் வேர்வையும் கலந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. சில்லறையை அடுக்கிவிட்டு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் பிரிக்கத் தொடங்கினோம். வழக்கமாகக் கவர்மேல் பெயர் இருக்கும், தொகை இருக்கும், எதற்காக என்று ஒரு வரி இருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், வீடு பிரதிஷ்டை. பாதியில் அண்ணாச்சி எழுந்தார். “தம்பி, எண்ணிக்கிட்டு இருங்க. டீ சொல்லிட்டு வந்துருதேன்” என்றார். அடுத்து நான் பிரித்த கவரில் பெயர் இல்லை. தொகையும் இல்லை. உள்ளே நூறும் ஐம்பதும் பத்துமாக, ஓரம் சுருண்ட நோட்டுகள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத்தாள். பிள்ளைக்கு ஒரு வருசமாக வலிப்பு வரவில்லை என்று எழுதி, கடைசியில் ஸ்தோத்திரம் என்று போட்டிருந்தது. எண்ணினேன். 2,000 ரூபாய். நோட்டுகளில் பீடித் தூள் வாசனை. எங்கள் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றாத தெரு இல்லை. அந்தக் கைகள் தொட்டது எதிலும் வாசனை ஏறிவிடும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில்கூட. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒருத்தி, பத்தும் ஐம்பதுமாக ஒரு வருசம் சேர்த்த பணம் அது. அதெல்லாம் தெரிந்துதான் அதைக் கையில் வைத்திருந்தேன். தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு காலம் இது என்னை அரித்திருக்காது. பெயர் இல்லை, தொகை இல்லை, அறையில் ஆள் இல்லை. சன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. நோட்டுகள் என் வலது கையில் இருந்தன. சட்டைப் பையில் ஹாஸ்டல் கடிதம். அப்போது சரளைக்கல்லில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். சத்தம் வாசலுக்கு வருவதற்குள் நோட்டுகளை மேசைமேல் வைத்து, பேனாவை எடுத்து, பெயர் குறிப்பிடாதவர் 2,000 என்று எழுதிவிட்டேன்.

நாலு நிமிடம் இருக்கும், அல்லது ஆறு. அந்த நிமிடங்களுக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். பிற்காலத்தில் எகிப்தின் வனாந்தரத் துறவிகளைப் பற்றிப் படிக்கக் கிடைத்தபோது, முதலில் தேடியது இதைத்தான். ஈவாகிரியு என்று ஒருவர், நாலாம் நூற்றாண்டுக்காரர். கொன்ஸ்தாந்திநோபிளில் பெயர் பெற்ற டீக்கன். மணமான ஒரு பெண்மேல் ஆசை முற்றி, தன்மேலே பயம் வந்து, ஊரைவிட்டே ஓடினார். முதலில் எருசலேம், பிறகு எகிப்து. நைல் கழிமுகத்துக்கு அருகே கெல்லியா என்கிற துறவிக் குடியிருப்பில் தங்கி 399இல் இறந்தார். மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தவர் அவர்தான். ஏழு பாவங்கள் என்று பின்னால் நாம் படித்த பட்டியல் அதிலிருந்து வந்தது. அவர் சொல்வதில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. அவை உள்ளே தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்கிறார். படித்தபோது முதல் பாதி ஆறுதலாக இருந்தது. இரண்டாம் பாதியில் மாட்டிக்கொண்டேன். என்னிடம் அது வந்தது மட்டுமா? உட்கார்ந்தது. நான் அதற்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். 1,850 போக மீதி 150 இருக்கும் என்று கழித்துக்கூடப் பார்த்தேன். எண்ணம் தங்கினால் தோல்வி என்பது கணக்கானால், அண்ணாச்சி வாசலுக்கு வருவதற்கு முன்பே நான் தோற்றாயிற்று. மேசைமேல் வைத்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

அதே வனாந்தரத்தில் வேறொரு குரலும் இருக்கிறது. பொய்மேன் என்கிற அப்பா ஒருவர். அங்கே மூத்த துறவிகளை அப்பா என்றும் அம்மா என்றும்தான் கூப்பிட்டார்கள், அந்தச் சொல் நம் காதுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். கெட்ட எண்ணங்களை என்ன செய்வது என்று கேட்டவரிடம் அவர் துணிப்பெட்டியைக் காட்டிப் பேசினார். பெட்டி நிறையத் துணியைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்க்காமலே விட்டால் அது நாளடைவில் மட்கிப்போகும். எண்ணங்களையும் செயலாக்காமல் விட்டால் அப்படித்தான். இன்னொருவன் வந்து எண்ணங்கள் கூட்டமாக வருகின்றன என்று அழுதபோது, வெளியே போய் மேலாடையை விரித்துக் காற்றைப் பிடி என்றாராம். முடியாது என்றான் அவன். அப்படியானால் எண்ணங்கள் வருவதையும் உன்னால் தடுக்க முடியாது, எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை என்று அனுப்பிவிட்டார். பொய்மேனின் கணக்கில் நான் பிழைத்துக்கொள்கிறேன். கை செய்யவில்லை, துணி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆனால் அந்தத் துணி மட்கியதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடந்த வாரம்கூட வங்கியில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற அம்மாவின் சேலையிலிருந்து பீடித் தூள் வாசனை வந்ததும் வலது கை தானாக மடங்கியது. இருபத்தைந்து வருடம் போன பிறகும் கைக்கு நினைவிருக்கிறது.

சொல்லக் கூச்சமான ஒன்று இன்னும் பாக்கி. அந்த நிமிடங்களில் எனக்குள் பேசிய குரல் திருட்டுக் குரலாக இல்லை. திருடு என்று அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முதலில், கடனாக எடுத்துக்கொள், சம்பளம் வந்ததும் இதே கவரில் போட்டுவிடலாம் என்றது. நியாயமாகத்தான் பட்டது. பிறகு வேதத்திலிருந்தே ஒன்றை எடுத்து நீட்டியது. தாவீது பசியோடு நோப் ஊருக்கு வந்தபோது, ஆசாரியர் மட்டுமே தின்னத்தக்க சமுகத்தப்பத்தை அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லையா? இயேசுவே அதைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லையா? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம் அது. ஃபிளானல் துணிமேல் தாவீதின் படத்தை ஒட்டி, ஐந்து அப்பங்களை ஒட்டி, இந்தக் கைதான் சொல்லிக்கொடுத்தது. ஈவாகிரியு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், எட்டு வகை எண்ணங்களுக்கும் எதிராக எந்தெந்த வசனத்தைச் சொல்லி நிற்க வேண்டும் என்று ஐந்நூறுக்கு நெருக்கமான வசனங்களைத் தொகுத்திருக்கிறார். கிரேக்க மூலம் காணாமல்போய்ச் சீரிய மொழியில் தங்கிய நூல் அது. பெரிய உழைப்பு. ஆனால் அன்று என் அனுபவம் வேறாக இருந்தது. வசனம் வந்தது, வந்து எதிர்ப்பக்கத்தில் நின்றது. பிறகு மத்தேயுவை எடுத்துப் பார்த்தால், வனாந்தரச் சோதனையில் அதுவும் இருக்கிறது. தேவாலயத்து உச்சியில் நிறுத்திவைத்துப் பிசாசு சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான், தொண்ணூற்றோராம் சங்கீதம். வியாதி வந்த வீடுகளில் கட்டில் பக்கம் உட்கார்ந்து நாம் வாசிப்பது. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அந்தப் பகுதியை வாசித்திருந்தும், அவன் வாயில் அந்தச் சங்கீதம் இருப்பது எனக்கு உறைத்ததே இல்லை.

எரிகோ ஊருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் குருந்தல் மலையைத்தான் அந்தச் சோதனை நடந்த இடம் என்று காட்டுகிறார்கள். நாற்பது என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பாறையின் இடுப்பில் ஒட்டவைத்தாற்போல் ஒரு கிரேக்க மடம் தொங்குகிறது. இப்போது அடிவாரத்திலிருந்து கேபிள் கார்கூடப் போகிறது. நான் போனதில்லை, படங்களில் பார்த்ததுதான். அந்தப் படங்களில் மடத்தைவிடக் கற்களையே அதிகம் பார்த்தேன். வெயிலில் வெந்து பழுப்பேறி, உருண்டையும் தட்டையுமாய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த அப்பம்போலவே இருக்கின்றன. நாற்பது நாள் சாப்பிடாத கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும். அங்கே கேட்கப்பட்டது கெட்ட பொருள் ஏதாவதா? அப்பம். பசித்தவனுக்கு அப்பம். பிள்ளைக்கு ஃபீஸ். கெட்டது என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற ஒன்றோடு போராடுவதை நான் ஓரளவு கற்றுவைத்திருந்தேன். தேவையானது, நியாயமானது, பிள்ளைமேல் வைத்த பாசம், இவற்றின் உடையில் அது வந்து நின்றபோது என்னிடம் பதில் இல்லை.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒரு சங்கடம் எனக்கு உண்டு. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாம் சோதனை என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் பெய்ராஸ்மோஸ் என்ற சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு. சோதித்துப் பார்ப்பதும் அதுதான், ஆசை காட்டி இழுப்பதும் அதுதான். ஆகவே மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் சோதனை என்றால் என்ன? கடன் ஒரு சோதனை. கிட்னி கல் ஒரு சோதனை. மகளுக்கு வரன் தட்டிப்போவது சோதனை. வீட்டுக்கூட்ட ஜெபத்தில் ஒருவர் எழுந்து, ரொம்பச் சோதனையில இருக்கோம், ஜெபிச்சுக்கோங்க என்றால் அவருக்கு ஏதோ கஷ்டம் என்றுதான் எல்லாரும் தலையாட்டுவோம். அவர் மனம் எதன்மேலோ இழுபட்டுக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. இழுபடுவதற்கு நாம் வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். சபலம், சலனம், இச்சை. அவற்றை ஜெபக்கூட்டத்தில் உச்சரிக்க வாய் வராது. இச்சை என்றாலே பெண் விவகாரம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் அந்த ஜெபத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லிக்கொண்டும், என் சட்டைப் பைக்கு அதில் ஒரு வரி இருக்கிறது என்று தெரியாமலே முப்பத்தெட்டு வயதுவரை வந்துவிட்டேன். வியாதி வராமல், கடன் ஏறாமல் காத்துக்கொள்ளும் என்றுதான் அந்த இடத்தில் என் மனம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது.

நம் சாட்சிகளிலும் இதே சிக்கல்தான். கன்வென்ஷன் பந்தலில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லப்படும் சாட்சிகளை நான் நெஞ்சாரக் கேட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு அழுதும் இருக்கிறேன். குடித்துக்கொண்டிருந்தேன், விட்டேன். சீட்டாடினேன், விட்டேன். எல்லாம் இறந்தகாலம். இன்றைக்குச் சாயங்காலம் பந்தலுக்கு வரும் வழியில் அந்தக் கடையைக் கடக்கும்போது கால் தயங்கியது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் சபை அவரை எப்படிப் பார்க்கும்? விழுந்துட்டார் என்ற சொல் எங்களிடம் தயாராக இருக்கிறது. நின்றுகொண்டே தள்ளாடுகிறவருக்குச் சொல் இல்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையைத் தமிழ் வழியில் நடக்கவைத்த காப்பியம். அதில் சோதனைகள் வழியில் இருக்கின்றன, யாத்திரிகன் அவற்றைக் கடந்து அடுத்த இடத்துக்குப் போகிறான். எனக்கு அந்த நூல்மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் என்னுடைய சோதனை வழியில் இல்லை, ஒரு அறையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அந்த அறைக்குள் நான் போக வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் வேதநாயகம் பிள்ளை எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார். முன்சீப் வேலையில் இருந்துகொண்டே 1859இல் நீதிநூலை வெளியிட்டார், கைக்கூலிக்கென்றே அதில் ஒரு அதிகாரம். ஓய்வு பெற்ற பிறகு எழுதியதல்ல அது. வழக்காடிகள் வந்துபோகும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கத்தோலிக்கர், தன் மேசைக்குக் கீழே என்ன நீளக்கூடும் என்று அன்றாடம் தெரிந்தவர், அந்த நாற்காலியிலிருந்தே எழுதினார். சாராள் என்ற வனாந்தரத்து அம்மாவும் அப்படித்தான். பதின்மூன்று வருடம் உடலின் ஆசை அவரை விடாமல் அலைக்கழித்தது. அந்த யுத்தம் நிற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை, பலத்தை மட்டுமே கேட்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பதின்மூன்றில் ஏழாவது வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வெயில்நேரம், குடிசைக்குள், ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்ல முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் அப்போது சாட்சி சொல்ல வந்திருந்தால் எங்கள் பந்தலில் மைக் கொடுத்திருப்போமா?

சுவிசேஷங்களில் மாற்கிடம் எனக்குத் தனி வாஞ்சை ஏற்பட்டது இதனால்தான். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளைச் சொல்கிறார்கள், கேள்வியும் பதிலுமாக. இரண்டாவதும் மூன்றாவதும் இருவரிடமும் இடம் மாறி வரும். மாற்கு இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். வனாந்தரம், நாற்பது நாள், சாத்தான், காட்டு மிருகங்கள், தேவதூதர். பேச்சு எதுவும் இல்லை. என்ன சோதனை என்று இல்லை. ஜெயித்தார் என்றுகூட மாற்கு எழுதவில்லை. பலமுறை தேடிப்பார்த்தேன், இல்லை. அடுத்த வசனத்தில் யோவான் காவலில் வைக்கப்பட்டாயிற்று, இயேசு கலிலேயாவில் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறார். இடையில் நடந்ததைக் கதவடைத்து வைத்துவிட்டார் மாற்கு. உள்ளே ஒருவர் நாற்பது நாள் இருந்தார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். லெந்து நாட்களில் ஐயர் மத்தேயுவை வாசித்துப் பிரசங்கம் செய்யும்போது, நான் மடியில் மாற்கைத் திறந்து வைத்துக்கொள்வேன். லூக்காவிடம் ஒரு சொல்லுக்காகப் போவேன். எல்லாம் முடிந்து பிசாசு விலகுகிறான், சிலகாலம் என்று ஒரு சொல் அங்கே நிற்கிறது. திரும்ப வருவான் என்று அர்த்தம். தேவகுமாரனுக்கே ஒரு தவணைதான் கிடைத்திருக்கிறது.

சி. எஸ். லூயிஸ் ஒரு இடத்தில், ஐந்து நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் கழித்து அந்த இழுப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வாய்ப்பில்லை, கடைசிவரை நின்றவர்தான் அதன் முழு பலத்தையும் அறிந்தவர் என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் நான் எந்தப் பக்கம்? விட்டும் கொடுக்கவில்லை, கடைசிவரை நிற்கவும் இல்லை. ஆறாவது நிமிடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் பத்து நிமிடம் அந்தச் சத்தம் வராமல் இருந்திருந்தால், டீக்கடையில் அண்ணாச்சி யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றிருந்தால், என் கை எந்தப் பக்கம் போயிருக்கும்? எனக்குத் தெரியாது. நல்ல பதில் ஒன்றை எனக்குச் சாதகமாகத் தயாரித்துக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், 150 மீதி என்று கழித்துப் பார்த்த அந்த மனம் வந்து நிற்கிறது. அடுத்த ஞாயிறு ஐயர் காணிக்கை அறிவிப்பில், பெயர் குறிப்பிடாதவர் இரண்டாயிரம் ரூபாய் என்று வாசித்தார். என் முதுகுத்தண்டு சில்லிட்டது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முக்காடு போட்ட தலைகள். அவற்றில் ஒன்று, பிள்ளைக்கு வலிப்பு நின்ற சந்தோஷத்தில் குனிந்திருக்கிறது. அவளுக்கு நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது அவளுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். யார் பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்பது?

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, சோதனை வரும்போதே அதிலிருந்து தப்பும் வழியையும் தேவன் உண்டாக்குவார் என்கிறார். பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியைப் போக்கு என்கிறது. போக்கிடம் இல்லாதவன் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அந்தப் போக்கு. அதை வாசிக்கும்போதெல்லாம் முன்பு நான் கற்பனை செய்தது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு திடத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு வைராக்கியத்தை. இப்போது, சரளைக்கல்லில் ஒரு கிழவரின் தேய்ந்த செருப்பு இழுபடுகிற சத்தமும் ஒரு போக்காக இருக்கலாமோ என்று தோன்றுகிறது. கர்த்தரின் ஜெபத்தில் நாம் கேட்பதும் ஜெயத்தை அல்லவே. அங்கே ஜெயிக்கவையும் என்று ஒரு வார்த்தையும் இல்லை; உள்ளே கொண்டுபோகாதேயும், இரட்சியும் என்றுதான் கெஞ்சுகிறோம். அப்படியானால் அந்த ஆறு நிமிடத்தில் என் எதிர்ப்பு எவ்வளவு என்று நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே பிசகோ? கெத்செமனேயில் சீஷர்கள் என்ன எதிர்த்தார்கள்? தூங்கினார்கள். சோதனைக்குள் போகாதபடி ஜெபம்பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார், துக்கத்தினால் தூங்கினார்கள் என்கிறார் லூக்கா. ஒலிவமரத்தடியில், கண் செருகிய அந்தச் சீஷர்களும் பிற்பாடு அப்போஸ்தலராகத்தான் நின்றார்கள். இதை எழுதும்போதே எனக்குள் ஒரு தடை எழுகிறது. செருப்புச் சத்தம் கிருபை என்றால், சத்தம் வராமல் போன அறைகளில் கிருபை இல்லையா? பக்கத்துச் சேகரத்தில் காணிக்கைப் பணத்தில் கைவைத்து மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். என்னைவிடக் கெட்டவர் இல்லை அவர். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவருடைய அறைக்கு யாரும் திரும்பி வரவில்லை, அல்லது வந்தவர் சத்தமில்லாமல் வந்தார். இந்த இடத்துக்கு வந்தால் பேனா நின்றுவிடுகிறது. ஆறுதலாக நான் கண்டுபிடித்ததை அவர் முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அண்ணாச்சி காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தார், பேச்சு குழறியது. கட்டிலடியில் அந்தச் செருப்பு ஜோடியாகக் கிடந்தது, இடது குதிகால் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அண்ணாச்சி, ஒருநாள் நீங்க டீ சொல்லப் போயிருந்தீங்கல்லா என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், புரியவில்லை. மருமகள், “சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுதாவ” என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என்னோடு எண்ணுகிறவன் இருபத்தாறு வயதுப் பையன். வேலை கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா என் மனைவிக்குத் தூரத்து உறவு, அதனால் என்னை மாமா என்பான். போன ஞாயிறு சில்லறையை அடுக்கி முடித்து, கவர்களைப் பிரிக்க ஆரம்பித்தோம். பாதியில் அவன் எழுந்து, “மாமா, நீங்க எண்ணிட்டு இருங்க. நான் ஓடிப்போயி டீ வாங்கிட்டு வந்துருதேன்” என்றான். பிரித்த கவர்கள் ஒருபக்கம், பிரிக்காதவை ஒருபக்கம், பேனா மூடியில்லாமல் நோட்டுக்கு நடுவில். நான் எழுந்து சன்னலைச் சாத்தினேன். “இல்லப்பா, ரெண்டு பேருமா போயிட்டு வருவோம்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை, எண்ணி முடிச்சிட்டே போவலாமே என்றான். காசையெல்லாம் அப்படியே மேசைமேல் விட்டு, கதவைப் பூட்டினேன். இரண்டு பூட்டு. ஒரு சாவியை அவனிடம் கொடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். சரளைக்கல்லில் இரண்டு பேரும் நடந்தோம்.